மீனுக்கு முன் செடி

நெடுநாள் நோயோடு வீட்டில் இருப்பவரைப் பார்க்கச் செல்பவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிச் செல்வது பழைய வழக்கம். சிலர் அதற்கு ஒரு படி மேலே சென்று மீன் தொட்டியே வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டி, நீலச் சாயம் ஏற்றிய கூழாங்கற்கள், ஒரு பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து மூடும் பொம்மைச் சிப்பி, பாலித்தீன் பையில் எட்டோ பத்தோ மீன்கள். அன்று மாலையே தண்ணீர் நிரப்பி, மீன்களை உள்ளே விட்டு, கட்டிலுக்கு எதிரே மேசையில் வைத்து, "இனிமேல் பொழுது போகும்" என்று சொல்லிவிட்டுச் செல்வார்கள். மூன்றாம் நாள் ஒரு மீன் மிதக்கும். ஐந்தாம் நாள் இரண்டு. மீன் இறந்தால் வீட்டுக்கு வரவிருந்த கேடு அதனோடு போயிற்று என்று தேற்றுவோர் உண்டு. படுக்கையில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தத் தேறுதல் எட்டுவதில்லை.

நோயாளி உள்ள வீட்டில் தொட்டி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. வைக்கலாம். ஆனால் அது முதலில் செடிகளின் தொட்டியாக இருக்க வேண்டும். மீன்கள் பிறகு வரலாம், சிலவே வரலாம், வராமலே இருந்தாலும் குறையொன்றும் இல்லை.

புதுத் தொட்டியில் மீன்கள் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் கடைக்காரரின் மோசடியோ கண்ணேறோ அன்று. மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் எஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது செவுளை அரிக்கும் நஞ்சு. மணலிலும் இலையிலும் ஒட்டி வாழும் ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். வேறொரு வகை நுண்ணுயிர் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே நீர் மீனுக்கு ஏற்றதாகிறது. இந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். கழிவை உண்டாக்கும் உயிர்கள் முதல் நாளே வந்துவிடுகின்றன. கழிவை அகற்றும் உயிர்கள் ஒன்றரை மாதம் கழித்தே வருகின்றன. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் அவரை அழைத்து வருபவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையிராது.

செடிகள் அம்மோனியாவை நேரடியாகவே உணவாக உறிஞ்சிக்கொள்கின்றன. எவ்வளவு விரைவாக வளரும் செடியோ அவ்வளவு விரைவாக நீர் தூய்மை பெறும். மோட்டார் வைத்த ஃபில்டர் இதே வேலையின் ஒரு பகுதியைச் செய்கிறது. ஆனால் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். செடிக்கு அந்தக் கவலை இல்லை.

முதலில் பசுமை, பிறகு உயிரினம் என்ற இந்த வரிசை நம் ஊருக்குப் புதிதன்று. தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டுக்குப் பிறகு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பார்களில் சிப்பி பொய்த்துவிட்டது. இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் 1973இல் வளர்ப்பு முத்தும், 1981இல் பொரிப்பகத்திலேயே முத்துச் சிப்பிக் குஞ்சுகளும் உண்டாக்கப்பட்டன. கண்ணுக்குப் புலப்படாத அந்தக் குஞ்சுகள் உண்பது ஒற்றைச் செல் பாசிகளை. ஆகவே பொரிப்பகத்தில் சிப்பியை முட்டையிடச் செய்வதற்கு முன்பே பாசியைக் குடுவைகளில் வளர்த்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். பாசி தவறினால் குஞ்சுகள் தவறும். முத்து என்றதும் நகைக்கடை நினைவுக்கு வருகிறவர்களுக்கு அதன் தொடக்கம் ஒரு குடுவை பச்சைத் தண்ணீர் என்பது வியப்பாக இருக்கலாம்.

கடலோரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு நன்னீர்த் தொட்டி எதற்கு, கடல்நீரையே கொண்டுவந்து வைத்தால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதிலும் கடலுக்குச் சென்று வந்தவர் ஒருவர் பக்கவாதத்தால் வீட்டோடு ஆகிவிட்டால், பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் வருவது இயல்பு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கடல்நீர்த் தொட்டி செலவு மிகுந்தது; நம் வெயிலில் நீரைக் குளிர்விக்கும் கருவி வேண்டும்; உப்பின் அளவு ஒவ்வொரு நாளும் மாறும்; ஒரு சிறு தவறு எல்லா உயிர்களையும் ஒரே இரவில் கொன்றுவிடும். இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பவளமும் கடற்குதிரையும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளவை. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைக்கூட வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அந்த 21இல் ஒன்றான, நமக்கு அருகே இருந்த விலங்குசல்லித் தீவு இன்று நீருக்கு மேல் இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் அதைச் சூழ்ந்திருந்த பவளப்பாறையைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். அந்தக் கடலிலிருந்து இன்னும் ஒரு பிடி எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டுமா?

அப்படியானால் கடலோடிக்குக் கடலின் சாயலே கிடைக்காதா என்றால், கிடைக்கும். மன்னார் வளைகுடாவின் அடியில் பத்துக்கும் மேற்பட்ட வகைக் கடற்புற்கள் வளர்கின்றன. கடற்பசு மேய்வது அவற்றைத்தான். அவை பாசி அல்ல. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள முழுமையான பூக்கும் தாவரங்கள். அவற்றுள் சில, நன்னீரில் வளரும் வாலிஸ்நேரியாவுக்கும் வேலம்பாசி எனப்படும் ஹைட்ரில்லாவுக்கும் ஒரே குடும்பம். வாலிஸ்நேரியாவின் நாடா போன்ற இலைகள் நீரோட்டத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அசைவதைப் பார்த்தால், சங்கு குளிக்க இறங்கியவர்களுக்குக் கடலடி நினைவு வரும். கடற்புல்லைத் திரும்ப நட்டு வளர்க்கும் பணியை நம் ஊரின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் செய்து வருகிறது. அதை அவர்கள் கடலில் செய்யட்டும். நாம் அதன் உறவினரை வீட்டில் நடலாம்.

இந்த வாலிஸ்நேரியாவுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1850இல் இராபர்ட் வாரிங்டன் என்ற இலண்டன் வேதியியலாளர் ஒரு சிறு தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் இச்செடியையும் வைத்து, நீரை மாற்றாமலேயே இரண்டும் வாழ்வதைக் கண்டு எழுதினார். அழுகிய இலைகள் நீரைக் கெடுக்கத் தொடங்கியபோது நத்தைகளைச் சேர்த்தார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன. வீட்டுத் தொட்டி என்ற கலையின் தொடக்கமே செடியில்தான் இருக்கிறது. நடுவில் எங்கோ பிளாஸ்டிக் செடி வந்து சேர்ந்தது.

இனி அமைக்கும் முறை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், விலையுயர்ந்த விளக்கு, இறக்குமதி மண் என்று இதைப் பெருஞ்செலவாக்கியவர்கள் உண்டு; ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ அமைத்த தொட்டிகள் உண்மையிலேயே ஓவியங்கள்தாம். நமக்கு அது வேண்டாம். அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நூலில் விளக்கிய எளிய முறையே நோயாளி உள்ள வீட்டுக்கு ஏற்றது: அடியில் மண், மேலே மணல், நிறையச் செடி, சன்னல் வெளிச்சம், குறைந்த மீன்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி போதும். அதில் ஏறக்குறைய 54 லிட்டர் நீர் பிடிக்கும். நீர் மட்டுமே 54 கிலோ. மண்ணும் கண்ணாடியும் சேர்ந்தால் ஒரு வளர்ந்த மனிதரின் எடை. ஆகவே மருந்து வைக்கும் ஸ்டூலின் மீதோ, சக்கரம் வைத்த மேசையின் மீதோ வைக்கக்கூடாது. இதைவிடச் சிறியது எளிதாக இருக்கும் என்று நினைப்பது தவறு. நீர் குறைந்தால் வெப்பமும் கழிவும் விரைவாக ஏறும்; வட்டக் கண்ணாடிக் குடுவையில் மீன் வளர்ப்பது அதனால்தான் மிகக் கடினம்.

அடியில் ஓரங்குலம் உரமிடாத தோட்டச் செம்மண். அதன்மேல் ஓரங்குலம், நன்றாகக் கழுவிய ஆற்று மணல். கடற்கரை மணல் வேண்டாம். அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும், நீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். தண்ணீரைப் பொறுத்தவரை, குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரே சிறந்தது. கிருமி நீக்கக் குளோரின் சேர்த்திருப்பார்கள் என்பதால் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்ற வேண்டும். கடலோரத் தெருக்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அது உதவாது. ஆர்.ஓ. நீரில் செடிக்கு வேண்டிய தாதுக்கள் குறைவு. அதை மட்டும் நம்பக்கூடாது. நீரை ஊற்றும்போது மணலின் மீது ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றினால் மண் கலங்காது.

செடிகளை முதல் நாளிலேயே நெருக்கமாக நட வேண்டும். இதில் கஞ்சத்தனம் காட்டினால் பாசி முந்திக்கொள்ளும். பின்புறம் வாலிஸ்நேரியா, இடையில் வேலம்பாசி, முன்புறம் நீர்ப்பிரமி. மூன்றும் நம் வெயிலைத் தாங்கும். நீர்ப்பிரமி சித்த மருத்துவத்தில் நினைவாற்றலுக்காகச் சொல்லப்படும் மூலிகைதான். தொட்டியில் வளர்ந்ததைப் பறித்து மருந்தாக உண்ண வேண்டாம். கொட்டியும் கிடைத்தால் ஒன்று நடலாம்; அதன் இனத்தைச் சேர்ந்த செடிகள் உலகெங்கும் தொட்டிகளுக்காகவே விற்கப்படுகின்றன. ஔவையார் மூதுரையில் கொட்டியையும் ஆம்பலையும் நெய்தலையும் சேர்த்துச் சொல்கிறார். குளம் வற்றியதும் பறந்துவிடும் பறவைகளைப் போலன்றி, குளத்தோடு ஒட்டிக்கொண்டு அதனோடு வாடும் உறவுக்கு அவை உவமை. இந்த மடலை மருத்துவமனை நாற்காலியில் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கும் பலர் அந்த உறவினர்கள்தாம்.

குளத்திலிருந்து எடுத்த செடியானால் நன்றாக அலசி, ஒரு வாரம் தனி வாளியில் வைத்திருந்து, அட்டையும் பூச்சியும் இல்லையென்று உறுதி செய்துகொண்ட பிறகே தொட்டியில் நட வேண்டும். சிறு நத்தை ஓரிரண்டு வந்துவிட்டால் வாரிங்டனை நினைத்துக்கொண்டு விட்டுவிடலாம்.

விளக்கு ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கே போதுமானது. மேற்குச் சன்னலுக்கு எதிரே தொட்டி வேண்டாம். சித்திரையில் நீர் கொதிநீர்போல் ஆகாமல் இருக்க, நீர்ப்பரப்பின் மேல் படும்படி ஒரு சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியாகிக் குறைந்த நீரை அவ்வப்போது ஈடு செய்ய வேண்டும்.

மீன் இல்லாத இந்த முதல் ஆறு வாரங்களில் ஓர் ஆபத்து உண்டு. தொட்டிக் கலையைப் பற்றி எழுதும் வெளிநாட்டார் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. தேங்கி நிற்கும் தெளிந்த நீர் டெங்கு கொசுவுக்கு அழைப்பு. நோயாளியின் கட்டிலருகே கொசு வளர்ப்பது எவ்வகையிலும் தகாது. கொசுவலைத் துணியைத் தொட்டியின் வாயில் இடைவெளியின்றி இழுத்துக் கட்டுங்கள். மீன் வந்த பிறகு அவை புழுக்களைத் தின்றுவிடும். அதன் பிறகும் துணி இருந்தால் மீன் துள்ளி விழாது.

ஆறு வாரம் கழித்து, செடிகள் புதுத் தளிர் விட்டு வளர்ந்திருந்தால், நான்கு அல்லது ஐந்து கப்பி மீன்கள். ஆண் மீன்களாகவே வாங்குங்கள். இரண்டையும் கலந்து விட்டால் மாதந்தோறும் பிரசவம்தான். தொட்டி பிரசவ வார்டாகிவிடும். கடைக்காரர் "டேங்க் கிளீனர்" என்று ஒரு கறுத்த மீனைக் கொடுக்க முன்வருவார். அது தொட்டியைத் துப்புரவு செய்வதைவிட அழுக்காக்குவதே அதிகம்; ஓரடிக்கும் மேல் வளரும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

செடிகள் ஊன்றிய பின், நல்ல வெளிச்சமுள்ள பிற்பகலில் இலைகளின் மேல் ஆக்சிஜன் குமிழ்கள் வெள்ளை மணிகளாக ஒட்டி நிற்கும். உலகெங்கும் தொட்டி வளர்ப்போர் இதற்கு முத்து அரும்புதல் என்று பொருள்படும் சொல்லையே வழங்குகிறார்கள். முத்துக்குளிப்பு நின்றுபோன ஊரில் இந்த முத்தாவது கிடைக்கிறதே என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

மருத்துவமனை மடலில் எழுதுவதால் இனி வரும் பகுதியை நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். தொட்டியைப் பார்ப்பது எல்லாருக்கும் உரியது. தொட்டி நீரைத் தொடுவது எல்லாருக்கும் உரியதன்று.

புற்றுநோய்க்காகக் கீமோதெரபி எடுத்துக்கொள்பவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவர்கள், நீண்ட காலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த வேறு எவராயினும், தொட்டியில் கை வைக்கக்கூடாது. அதைத் துப்புரவு செய்யவும் கூடாது. மைக்கோபாக்டீரியம் மரினம் என்றொரு கிருமி மீன் தொட்டி நீரில் இருக்கக்கூடும். அது காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு. கையில் உள்ள சிறு கீறல் வழியே நுழைந்து, சில வாரங்கள் கழித்து ஆறாத கட்டியாகவோ புண்ணாகவோ வெளிப்படும். சில வேளைகளில் விரலிலிருந்து முழங்கை நோக்கி வரிசையாகக் கட்டிகள் தோன்றும். குணப்படுத்தக்கூடியதே, ஆனால் பல மாதங்கள் மருந்து உண்ண நேரும். நலமுள்ளவருக்கே இது வரலாம் என்றால், எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு ஆழமாகப் பரவும் வாய்ப்பு இன்னும் அதிகம். தொட்டி வைத்திருப்பவர் கையில் ஆறாத கட்டியோடு மருத்துவரிடம் சென்றால், "எங்கள் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல மறக்கக்கூடாது. அந்த வாக்கியம் இல்லாவிட்டால் மருத்துவர் வேறு திசையில் தேடிக்கொண்டிருப்பார்.

நீரிழிவு உள்ளவரின் கையிலோ காலிலோ புண் இருந்தால் அவரும் விலகியே இருக்க வேண்டும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர் பை மாற்றும் அறையில் தொட்டி இருக்கக்கூடாது; அடுத்த அறையில், கதவைத் திறந்தால் தெரியும்படி வைக்கலாம். தொட்டி வேலை செய்பவர் முழங்கை வரை மறைக்கும் ரப்பர் கையுறை அணிந்து, முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டிக்கென்று உள்ள வாளியும் குழாயும் சமையலறைக்குள் வரக்கூடாது. குழாயை வாயால் உறிஞ்சி நீர் இறக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். ஆஸ்துமா உள்ள வீட்டில், உலர்த்திய சிவப்புப் புழுத் தீனி வேண்டாம். அதன் தூள் சிலருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும். மீனுக்கு நோய் என்று ஆன்டிபயாடிக் தூளை வாங்கித் தண்ணீரில் கரைப்பதும் தவறு. மருந்துக்கு அடங்காத கிருமிகளை நாமே வளர்ப்பதாகும். மின்கம்பி தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குச் செல்லாமல், ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறட்டும். அப்போது கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இரவில் செடிகள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுமே, நோயாளி அறையில் அது தீங்காகாதா என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஒரு தொட்டிச் செடிகள் எடுத்துக்கொள்ளும் அளவு அறைக் காற்றில் கணக்கில் வராதது. அந்த அச்சம் தொட்டிக்குள் இருக்கும் மீனுக்குத்தான் பொருந்தும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். விடியற்காலையில் அது மிகக் குறைந்திருக்கும். அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் மீன் கூடிப்போயிற்று என்று அறியலாம்.

இத்தனை கட்டுப்பாடுகளோடு இதை ஏன் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்சி எட்வர்ட்ஸ், ஆலன் பெக் இருவரும் மறதி நோய் முற்றிய 62 பேர் உணவு உண்ணும் கூடத்தில் மீன் தொட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் உண்ணும் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது, எடையும் ஏறியது. 2002இல் அது வெளியானது. இங்கிலாந்தின் பிளைமவுத் நகரில் ஒரு பெரிய காட்சித் தொட்டியில் மீன்களைப் படிப்படியாக விட்டபோது பார்வையாளர்களை ஆராய்ந்தவர்கள், மீன் விடாத நிலையிலேயே அதன்முன் அமர்ந்தவர்களின் இதயத் துடிப்பு தணிந்ததைக் கண்டார்கள். மீன்கள் கூடக் கூட ஆர்வம் கூடியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது என் வாதத்துக்குச் சற்று எதிரானதுதான். இவை சிறிய ஆய்வுகள். தொட்டி மருந்தன்று, இரத்த அழுத்த மாத்திரையை அதற்காக எவரும் நிறுத்திவிடக்கூடாது.

எனக்கு இதில் பெரிதாகத் தோன்றுவது பராமரிப்பவரின் நிலை. நோயாளியின் உடல்நிலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். எவ்வளவு உழைத்தாலும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத வாரங்கள் உண்டு. அத்தகைய வாரத்தில் ஒரு புதிய இலை தெரியும். நட்ட ஒரு வாலிஸ்நேரியா மணலுக்கு மேல் ஒரு கொடி ஓட்டி, நாலு விரற்கடை தள்ளி ஒரு பிள்ளைச் செடியை ஊன்றியிருக்கும். அதைக் கட்டிலில் இருப்பவரும் நாற்காலியில் இருப்பவரும் சேர்ந்து பார்க்கலாம். மாத்திரை, சர்க்கரை அளவு, அடுத்த ஸ்கேன் தேதி தவிர வேறு ஒன்றைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளலாம். பல வீடுகளில் நோய் முதலில் பறித்துக்கொள்வது அந்தப் பேச்சைத்தான்.

ஆனால் தொட்டியே பராமரிப்பவருக்கு இன்னொரு நோயாளியாகிவிடக்கூடாது. மீன் நெருக்கமாக உள்ள, செடியற்ற தொட்டிக்கு வாரம் தவறாமல் நீர் மாற்ற வேண்டும். ஃபில்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும். செடி செறிந்த தொட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு நீர் மாற்றி, வளர்ந்ததை வெட்டிவிட்டால் போதும். அந்த அரை மணி நேரத்தையும் வீட்டிலிருப்பவர் தலையில் கட்டக்கூடாது. ஆகவே தொட்டி பரிசளிக்க விரும்பும் உறவினருக்கு ஒரு நிபந்தனை: இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு நீங்களே வந்து அந்த வேலையைச் செய்து தர வேண்டும். அதற்கு முடியாதென்றால் ஆரஞ்சே போதும்.

வெட்டிய செடியைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ போடாமல் வெயிலில் காயவைத்துக் குப்பையில் சேர்க்க வேண்டும். நம் வேலம்பாசி 1950களில் மீன் தொட்டி வணிகத்தின் வழியே அமெரிக்காவின் ஃபுளோரிடாவை அடைந்து, அங்கே ஏரிகளை அடைக்கும் பெருங்களையாயிற்று. கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப்பாண்டியில் 2020இல் வாய்க்கால் முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்ததைக் காண மக்கள் திரண்டார்கள். அது கபோம்பா என்ற அயல்நாட்டுத் தொட்டிச் செடி. தாமிரபரணியில் ஆகாயத்தாமரை படும் பாட்டை நாம் அறிவோம். "என் வீட்டுத் தொட்டி எப்படி ஆற்றுக்குப் போகும்" என்று கேட்பவர் 2023 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாட்களில் தெரு எது, குளம் எது என்று தெரியவில்லை. அயல்நாட்டுச் செடியைத் தேடாமல் நம் குளத்துச் செடியையே நடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இறுதியாக, நோயாளி மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் தொட்டி என்னவாகும்? உடன் இருப்பவரும் பத்து நாள் இங்கேயேதான் இருப்பார். வேர்பிடித்த செடித் தொட்டியில் நான்கைந்து நலமான மீன்கள் ஒரு வாரம், பத்து நாள் தீனி இல்லாமலே இருந்துவிடும். இலைகளில் படிந்த பாசியும் நுண்ணுயிர்களும் அவற்றுக்குப் போதும். விளக்குக்கு ஒரு டைமர் பொருத்திவிட்டால் அதுவே எரிந்து அணையும். பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுப்பதாக இருந்தால், நீர் குறைந்திருந்தால் வாளியில் பிடித்து வைத்ததை ஊற்றினால் போதும் என்று மட்டும் சொல்லுங்கள். பரிவு மிகுந்த அண்டை வீட்டார் காலையும் மாலையும் தீனி போட்டு நீரைக் கெடுத்துவிடுவார்கள். தீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டே புறப்படுங்கள்.